தடத்தால் அறியப்படும் செல்

ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லுக்குத் தனி முகம் கிடையாது. எலும்பு மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் அது ஒரு சிறிய உருண்டைச் செல்லாகத்தான் தெரியும்: உள்ளே பெரிய உட்கரு, சுற்றிலும் மெல்லிய விளிம்பு. பக்கத்தில் கிடக்கும் சாதாரண நிணநீர்ச் செல்லும் ஏறத்தாழ அதே தோற்றம்தான். ஆயிரமாயிரம் மஜ்ஜைச் செல்களுக்கு நடுவே அது எது என்று எவ்வளவு தேர்ந்த கண்ணும் சுட்டிக்காட்ட முடியாது.

ஆனாலும் அப்படியொரு செல் இருந்தாக வேண்டும் என்பதை வெறும் கணக்கே சொல்லிவிடுகிறது. வளர்ந்த மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பிளேட்லெட்டுக்கு ஒரு வாரம், பத்து நாள். வெள்ளணுக்களில் பெரும்பான்மையான நியூட்ரோஃபிலுக்கு ஒரு நாள் கிடைத்தாலே அதிகம். இவை எவையும் தம்மைத் தாமே பெருக்கிக்கொள்வதில்லை. எண்பது வயது வரை இந்த உற்பத்தி ஓய்வதில்லை என்றால், எல்லா வகை ரத்த அணுக்களையும் தரக்கூடிய, அதே நேரத்தில் தன்னைப் போன்ற இன்னொன்றையும் விட்டுவைக்கக்கூடிய மூலம் எங்கோ இருக்க வேண்டும். இந்த இரண்டு தகுதிகளுமே காலப்போக்கில் வெளிப்படும் செயல்கள். உருவத்தில் எழுதியிருப்பவை அல்ல. அந்தச் செல்லைத் தேடியவர்களின் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

ரத்தம் மஜ்ஜையில்தான் பிறக்கிறது என்பதை 1868இல் கோனிக்ஸ்பர்கில் எர்ன்ஸ்ட் நாய்மனும் இத்தாலியில் ஜூலியோ பிட்சொட்செரோவும் தனித்தனியே சொன்னார்கள். பால் எர்லிக் சாயங்களைக் கொண்டு வெள்ளணுக்களை வகை பிரித்தார். அதன்பின் ஒரு நீண்ட வழக்கு: எல்லா ரத்த அணுக்களுக்கும் ஒரே தாய்ச் செல்லா, வகைக்கொரு தாய்ச் செல்லா? அலெக்சாந்தர் மாக்சிமோவ் 1909இல் ஒரே தாய்ச் செல் என்ற கட்சியை எடுத்துப் பேசினார். எதிர்க்கட்சியிலும் பெரிய பெயர்கள் இருந்தன. அரை நூற்றாண்டு நடந்த இந்த வழக்கில் இரு தரப்பும் காட்டிய சாட்சி ஒன்றே: சாயமேற்றிய தகடு. சாயமேற்றும்போதே செல் செத்துவிடுகிறது. செத்த செல் அடுத்து என்னவாகியிருக்கும் என்பது பார்ப்பவரின் ஊகம். எத்தனை தகடு சேர்ந்தாலும் தீர்ப்பு வராத வழக்கு அது.

தீர்ப்புக்கான வழி அணுகுண்டுக்குப் பிறகு திறந்தது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வெடிப்பில் தப்பியவர்களில் பலர் சில வாரங்களில் ரத்தம் கசிந்தும் தொற்று கண்டும் இறந்தார்கள்; கதிர்வீச்சு முதலில் மஜ்ஜையை அழிக்கிறது என்று தெரிந்தது. அடுத்த போருக்கு மருந்து தேடுவது அரசுகளுக்கு அவசரமானது. ஆய்வுக்குப் பணம் அந்தக் கதவு வழியாகவே வந்தது. 1949இல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சனின் குழு சுண்டெலிகளின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மூடிவிட்டு உடல் முழுவதும் கொல்லும் அளவுக் கதிர்வீச்சு பாய்ச்சியது. எலிகள் பிழைத்தன. 1951இல் எகான் லோரென்ஸ் குழுவினர், கதிர்வீச்சுக்குப் பின் வேறு எலியின் மஜ்ஜையை ஊசி வழி செலுத்தினாலும் பிழைக்கும் என்று காட்டினார்கள்.

பிழைக்க வைத்தது எது என்பதில்தான் சண்டை. மண்ணீரலிலோ மஜ்ஜையிலோ உள்ள ஏதோ ஒரு சுரப்பு, எலியின் எஞ்சிய செல்களைத் தட்டியெழுப்புகிறது என்று ஜேக்கப்சன் உள்ளிட்ட பலர் நம்பினார்கள். செலுத்தப்பட்ட செல்களே குடியேறிப் பெருகுகின்றன என்பது மற்றவர் வாதம். 1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் சார்லஸ் ஃபோர்டும் உடனிருந்தவர்களும் இதை முடித்துவைத்தார்கள். அவர்களிடம் டி6 என்ற எலி வகை இருந்தது; அதன் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருக்கும். அந்த எலியின் மஜ்ஜையை வேறு வகை எலிக்குக் கொடுத்து, சில வாரம் கழித்துப் பிழைத்த எலியின் மஜ்ஜையைப் பார்த்தபோது, பிரியும் செல்களில் அந்தக் குட்டைக் குரோமோசோம் இருந்தது. வந்தவை குடியேறியிருந்தன. செல்லில் ஒரு தடயத்தை வைத்து அனுப்பு, பின்னால் அந்தத் தடயம் எங்கே தலைகாட்டுகிறது என்று பார் என்பதே அதன் உத்தி. இந்தத் துறையில் அதற்குப் பிறகு வந்த நல்ல சோதனைகள் ஏறக்குறைய எல்லாமே இதன் வழிவந்தவை.

கதிர்வீச்சு என்றதும் ஒரு விலகல். இந்தியாவின் தென்மேற்குக் கரையில் மோனசைட் மணல் செறிந்த இரண்டு இடங்கள் இருக்கின்றன: தெற்கே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, வடக்கே கொல்லம் மாவட்டத்துச் சவறா. மணலில் உள்ள தோரியம் அங்கு வாழ்வோரின் மஜ்ஜையைத் தலைமுறை தலைமுறையாகத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கரையோரத்தில் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990 முதல் வீடு வீடாகக் கணக்கெடுத்தது.  69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டு தொடர்ந்து, 2009இல் வெளியான முடிவு: இயற்கைக் கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அந்த மக்கள் பெறுவது ஆண்டுக்குச் சராசரி சில மில்லிகிரே. சிகாகோ எலிகள் பெற்றதோ ஒரே மூச்சில், அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். மெல்ல விழும் அடியைத் தாங்க மஜ்ஜைக்கு அவகாசம் கிடைக்கிறது. ஒரே நாளில் ஸ்டெம் செல்கள் அத்தனையும் பிரியும் திறனை இழந்தால் வெளியிலிருந்து வந்து குடியேறுவதைத் தவிர வேறு வழியில்லை. மஜ்ஜை மாற்றுச் சோதனைகள் அந்த இரண்டாம் நிலையைச் செயற்கையாக உண்டாக்கித்தான் செல்லைக் கேள்வி கேட்கின்றன.

டொரன்டோவின் ஒன்டாரியோ புற்றுநோய் நிறுவனத்தில் ஜேம்ஸ் டில் இயற்பியலாளர், எர்னெஸ்ட் மெக்கல்லக் மருத்துவர். அவர்கள் ஸ்டெம் செல்லைத் தேடிப் புறப்படவில்லை. மஜ்ஜைச் செல்களைக் கொல்ல எவ்வளவு கதிர்வீச்சு வேண்டும் என்று அளப்பதுதான் வேலை. கதிர்வீச்சு பெற்ற எலிகளுக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தி, எத்தனை எலி முப்பது நாள் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். முப்பது நாள் காத்திருக்க மெக்கல்லக்குப் பொறுமை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு வந்து, பத்தாம் நாள் எலிகளை அறுத்துப் பார்த்தார். சுண்டெலியின் மண்ணீரல் சின்னஞ்சிறு நாக்குப் போல ஒடுங்கிய, கருஞ்சிவப்பான உறுப்பு. அதன் மேல் வெளிறிய முண்டுகள் புடைத்திருந்தன. அவற்றை எண்ணி வரைபடத்தாளில் குறித்தார். செலுத்திய செல் எண்ணிக்கை கூடக் கூட முண்டுகளும் அதே விகிதத்தில் கூடின. ஏறத்தாழ பத்தாயிரம் செல்லுக்கு ஒரு முண்டு. புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன.

வேறொருவர் அந்த முண்டுகளை எலியின் நோய்க்குறி என்று ஒதுக்கியிருக்கக்கூடும். நேர்கோடு என்பது ஒற்றைச் செல்லின் கையெழுத்து என்று அந்த இருவருக்கும் உறைத்தது. இரண்டு மூன்று செல்கள் கூடித்தான் ஒரு முண்டு எழும் என்றால், செல்கள் குறையும்போது முண்டுகள் அதைவிட வேகமாகக் குறைந்து கோடு வளைந்திருக்கும். இந்த முடிவு 1961இல் ‘ரேடியேஷன் ரிசர்ச்’ இதழில் வெளியானது. ஸ்டெம் செல் ஆய்வாளர்கள் புரட்டும் இதழ் அல்ல அது; அப்படியொரு கூட்டமும் அன்று இல்லை.

கோடு தரும் சான்று மறைமுகமானது. நேர்ச் சான்றை 1963இல் ஆண்ட்ரூ பெக்கர் கொண்டுவந்தார். ஹார்வெல் உத்தியையே ஒரு படி முன்னே கொண்டுபோனார்: செலுத்தப்படும் செல்களுக்குள்ளேயே கதிர்வீச்சால் குரோமோசோம் முறிவுகளை உண்டாக்கினார். முறிவு எங்கே, எப்படி விழும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். பிறகு முண்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, சில முண்டுகளில் செல்கள் ஏறத்தாழ அத்தனையிலும் ஒரே விதமான முறிவு இருந்தது; இன்னொரு முண்டில் வேறு முறிவு. சிவப்பணுவின் முன்னோடி, வெள்ளணுவின் முன்னோடி, பிளேட்லெட் தரும் பெருஞ்செல் எல்லாம் கலந்து கிடந்த முண்டு ஒரே ஒரு செல்லிலிருந்து எழுந்தது. மாக்சிமோவின் கட்சி ஐம்பத்துநான்கு ஆண்டு கழித்து வென்றது.

அதே ஆண்டு லூ சிமினோவிச்சும் சேர்ந்துகொள்ள, ஒரு முண்டைக் கரைத்து இரண்டாவது எலிக்குச் செலுத்தினார்கள். புதிய முண்டுகள் எழுந்தன: அந்தச் செல் தன்னையும் புதுப்பித்துக்கொள்கிறது. ஆனால் எல்லா முண்டும் ஒரே அளவில் தரவில்லை. சிலவற்றிலிருந்து ஒன்றுமே வரவில்லை, சிலவற்றிலிருந்து ஏராளம். ஒரே எலி வகை, ஒரே நாள், ஒரே கை. இந்தச் சமமின்மையைப் பிழை என்று தள்ளாமல், ஒவ்வொரு பிரிவிலும் செல் தன்னை விட்டுவைக்குமா, முதிர்ந்துபோகுமா என்பது நிகழ்தகவின்படி நடக்கிறது என்று 1964இல் கணித மாதிரி அமைத்தார்கள். டொரன்டோ கட்டுரைகளில் மிகத் துணிச்சலானது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. முண்டு கண்ணுக்குத் தெரிந்த பொருள். கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம், தனிச் செல்லின் விதியை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதோ கருத்து.

அவர்கள் கண்டுபிடிப்பையும் பின்னாளில் சோதனையே திருத்தியது. 1982இல் எட்டாம் நாள் முண்டுகளில் பல பன்னிரண்டாம் நாளுக்குள் மறைந்துவிடுகின்றன என்றும், அப்போது தெரிபவை வேறு முண்டுகள் என்றும் தெரியவந்தது. முண்டு எழுப்பும் செல்லில் பெரும்பாலானவை குறுகிய கால உழைப்பாளிகள். எலியை ஆயுள் முழுக்கக் காப்பாற்றும் செல் அதற்கும் மேலே, இன்னும் அரிதாக இருக்கிறது. ஆகவே சோதனையின் தவணை நீண்டது: பத்து நாள் போதாது, நான்கு மாதமாவது ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும், பிறகு அந்த எலியின் மஜ்ஜையை இன்னொரு எலிக்கு மாற்றினாலும் வர வேண்டும். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் டேவிட் ஹாரிசன் போட்டிச் சோதனையை வகுத்தார்: ஆராயப்படும் செல்களோடு தெரிந்த அளவு சாதாரண மஜ்ஜையையும் கலந்து ஒரே எலிக்குச் செலுத்தி, இறுதியில் எந்தத் தரப்பு எவ்வளவு ரத்தம் தருகிறது என்று அளப்பது.

அடையாளத்தை முன்கூட்டியே சொல்ல ஒரு முயற்சி ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. செல்லின் மேற்பரப்புப் புரதங்களில் ஒளிரும் எதிர்ப்புரதங்களை ஒட்டவைத்து, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பிரிக்கும் இயந்திரம் அங்கே உருவாகியிருந்தது. 1988இல் ஸ்பாங்க்ரூட், ஹைம்ஃபெல்ட், வைஸ்மன் மூவரும் மஜ்ஜையில் இரண்டாயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருந்த ஒரு செல் வகையைப் பிரித்தெடுத்தார்கள். அதில் முப்பது செல் இருந்தால் கொல்லும் கதிர்வீச்சு பெற்ற எலிகளில் பாதி பிழைத்தன. 1996இல் ஜப்பானில் நகாவுச்சியின் குழு எலிக்கு ஒரே ஒரு செல்லைச் செலுத்தியது. ஐந்து எலிகளில் ஒன்று என்ற கணக்கில் நீண்ட கால ரத்தம் அந்த ஒற்றைச் செல்லிலிருந்தே வந்தது. 2005இல் சீன் மாரிசனின் குழு வேறு அடையாளங்களால் அதை ஏறத்தாழ பாதியாக உயர்த்தியது. மறுபாதி ஏன் தவறியது? ஸ்டெம் செல்லே இல்லையா, வழியில் நுரையீரலிலோ கல்லீரலிலோ சிக்கி மஜ்ஜையை எட்டவில்லையா? சோதனை பதில் சொல்லாது. செலுத்திய செல்லைத் திரும்ப எடுத்துக் கேட்க முடியாது.

எலிக்குப் பொருந்தும் அடையாளம் மனிதனுக்குப் பொருந்துவதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. மனித ரத்த ஸ்டெம் செல்கள் சி.டி.34 என்ற புரதத்தை ஏந்தியிருக்கின்றன. வளர்ந்த எலியின் நீண்ட கால ஸ்டெம் செல்லிலோ அது ஏறத்தாழ இல்லை. மனிதச் செல்லைச் சோதிக்க நோய் எதிர்ப்பாற்றல் அற்ற எலிகளை வளர்க்க வேண்டியதாயிற்று. டொரன்டோவிலேயே ஜான் டிக் அந்த வழியை வகுத்து, 2011இல் ஒற்றை மனிதச் செல் எலிக்குள் பல வகை ரத்தம் தருவதைக் காட்டினார்.

மனிதருக்கே செய்யும் மாற்று சிகிச்சை இதே காலத்தில் வேறு பாதையில் நடந்தது. டானல் தாமஸ் 1957இல் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தினார். எவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. திசுப் பொருத்தம் புரிந்தபின் நிலைமை மாறியது; 1990இல் அவருக்கு நோபல் பரிசு. இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் மாம்மன் சாண்டியின் முயற்சியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் முதல் மாற்றுகள் நடந்தன. திருவனந்தபுரம் மெயிலில் பாலக்காடு வழியாகக் காட்பாடியில் இறங்கும் தென்கேரளக் குடும்பங்களுக்கு வேலூர் பழக்கப்பட்ட ஊர். மாற்று வார்டுக்கு வெளியே காத்திருப்போர் தமிழிலும் மலையாளத்திலும் வங்க மொழியிலும் கேட்பது ஒரே கேள்வி: இன்றைக்குக் கவுண்ட் எவ்வளவு? நியூட்ரோஃபில் மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேல் நின்றால் செல் பிடித்துவிட்டது என்று பொருள். கொடுத்தவரும் பெற்றவரும் வேறு ரத்த வகையாக இருந்தால், சில மாதத்தில் பெற்றவரின் வகையே மாறிவிடுகிறது; ஏ பாசிட்டிவ் என்று பிறந்தவர் ஓ பாசிட்டிவாக நடமாடுகிறார். ஹார்வெல்லின் குட்டைக் குரோமோசோம் செய்த வேலையை இங்கே ரத்த வகை செய்கிறது.

வேலூரில் அண்மையில் நடந்த ஒரு மாற்று, தடய உத்தியை அதன் எல்லை வரை கொண்டுபோகிறது. ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களுக்கு ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி போதிய அளவில் உருவாவதில்லை. ஸ்டெம் செல் ஆய்வு மையமும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் 22 முதல் 41 வயது வரையிலான ஐந்து பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. நோயாளியின் சொந்த சி.டி.34 செல்களை எடுத்து, லென்டிவைரஸ் வழியே எட்டாம் காரணியின் மரபணுவை அவற்றின் டி.என்.ஏ.வுக்குள் பொருத்தி, மருந்தால் மஜ்ஜையைக் காலிசெய்துவிட்டு, திரும்பச் செலுத்தினார்கள். மரபணுவோடு சேர்த்து வைத்த சாவி, மோனோசைட் என்ற வெள்ளணு வகையில்தான் அதை இயக்கும்.

மோனோசைட் ரத்தத்தில் சில நாளே இருக்கும். சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் ரத்தத்தில் எட்டாம் காரணி இருக்கிறது என்றால், அந்த மோனோசைட்டுகளைப் புதிது புதிதாகத் தந்துகொண்டிருக்கும் மேல்நிலைச் செல்லுக்குள் மரபணு நுழைந்திருக்க வேண்டும். ஐந்து பேருக்கும் காரணி கிடைத்தது. செல்லுக்குள் மரபணு ஏறுவதைக் கூட்டும் பொருளைச் சேர்த்துச் செய்த பின்னைய மூவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அனைவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ஆண்டு ரத்தக் கசிவு விகிதம் பூஜ்யம். சி.டி.34 வடிகட்டியில் சிக்கியவற்றில் பெரும்பாலானவை ஸ்டெம் செல்கள் அல்ல. எவை உண்மையில் ஸ்டெம் செல்கள் என்று செலுத்திய நாளில் யாருக்கும் தெரியாது. தெரிவித்தது நோயாளியின் உறைதல் சோதனை அறிக்கை.

வைரஸ் செல்லின் டி.என்.ஏ.வில் எங்கே பொருந்துகிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். பெக்கரின் குரோமோசோம் முறிவைப் போல அதுவும் ஒரு முத்திரை. எந்தச் செல்லின் சந்ததி எவ்வளவு பெருகுகிறது என்பதை அதைக் கொண்டே தொடரலாம். இது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. பாரிஸில் நோய் எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்த குழந்தைகளுக்கு வேறு வகை வைரஸால் செய்த மரபணு சிகிச்சையில், வைரஸ் புற்றுநோய் மரபணு ஒன்றின் அருகில் அமர்ந்துவிட்டதால் ரத்தப் புற்றுநோய் வந்தது 2002 முதல் தெரியவந்தது. இத்தகைய சிகிச்சை பெற்றவர்களைப் பதினைந்து ஆண்டு தொடர வேண்டும் என்ற வழக்கம் அதனால்தான். லென்டிவைரஸ் அந்த வகையில் பாதுகாப்பானது என்று கருதப்படுகிறது. ஐந்து பேரின் 81 மாதக் கணக்கு அதற்குப் போதுமான சான்று ஆகாது.

இத்தனை சோதனைகளுக்கும் பொதுவான ஓர் ஊனம் உண்டு. எரித்துக் காலியாக்கிய மஜ்ஜையில் ஒரு செல் என்ன செய்ய முடியும் என்பதை அவை சொல்கின்றன; நலமான உடலில் அன்றாடம் என்ன செய்கிறது என்பதை அல்ல. 2014இல் ஃபெர்னாண்டோ கமார்கோவின் குழு, எலிகளின் மஜ்ஜைச் செல்களில் உடலுக்குள் இருந்தபடியே முத்திரையிட்டு, மாற்றாமலேயே தொடர்ந்தது. வளர்ந்த எலியின் அன்றாட ரத்தத்தில் பெரும்பங்கு, மாற்றுச் சோதனையில் தோற்றுப்போகும் இடைநிலைச் செல்கள் ஏராளமானவற்றிலிருந்து வருவதாக அது கண்டது. எவ்வளவு பங்கு என்பதில் மற்ற குழுக்கள் உடன்படவில்லை, வாதம் நடக்கிறது.

மனிதரிடம் முத்திரை வெளியிலிருந்து போட வேண்டியதில்லை. வயது ஏற ஏற ஒவ்வொரு ஸ்டெம் செல்லும் ஆண்டுக்குப் பல பிறழ்வுகளைத் தானே சேர்த்துக்கொள்கிறது. 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 59 வயதான, நலமான ஒருவரின் மஜ்ஜையிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் எடுத்த 140 செல்களைத் தனித்தனியே வளர்த்து, அவற்றின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, பொதுவான பிறழ்வுகளைக் கொண்டு வம்சாவளி வரைந்தார்கள். வெள்ளணுக்களைத் தந்துகொண்டிருக்கும் ஸ்டெம் செல்கள் 50,000 முதல் 2,00,000 வரை இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. இதற்கு எலியும் கதிர்வீச்சும் தேவைப்படவில்லை. ஆனால் அந்த லட்சத்தில் எத்தனை செல், வேறொருவரின் காலியான மஜ்ஜைக்குப் போனால் தனியே நின்று ரத்தம் தரும் என்பதை வம்சாவளி சொல்வதில்லை. அதை அறிய வேண்டியவர் இன்றும் செல்லை எலிக்குச் செலுத்திவிட்டு நான்கு மாதம் காத்திருக்கிறார்.